கரைக்கொரு குணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையையோ திருக்குறளின் மாண்பையோ பேசி அமர்வது நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தில் எமக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள், இவ்வாண்டு அறிவியல் பொருள் ஒன்றைப் பேசுமாறு பணித்தார். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் எம்மை இப்பணிக்கு ஏன் தேர்ந்தார் என்பதை அவரைத்தான் கேட்கவேண்டும். யாம் எடுத்துக்கொண்ட பொருள் கடற்பாசி. அதிலும் அலை ஏறி இறங்கும் பாறைகளில் வாழும் பழுப்புநிறப் பாசி. கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேலே, சாமுண்டி மலையின் நிழலில் அமர்ந்துகொண்டு கடற்பாசியைப் பேசுவதா என்று முன்வரிசையில் சிலர் முறுவலிப்பது தெரிகின்றது. தசராப் பொருட்காட்சியில் தங்கள் குழந்தைகள் உண்ட ஐஸ்கிரீமை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அது விரைவில் உருகி வழியாமல் கெட்டியாக நிற்பதற்குச் சேர்க்கும் பசைகளுள் ஒன்று அல்ஜினேட்டு. அது பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. 1881-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு என்னும் வேதியியலார் அதனைக் கண்டறிந்தார். துணிக்குச் சாயம் அச்சிடவும், பல் மருத்துவர் பல்லின் அச்சு எடுக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் அது பயன்படுகின்றது. நம் ஊரில் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கூடத்து அறிஞர்களுக்கு இத்தகைய பசைகள் புதியன அல்ல. ஆகவே கடல் நமக்குத் தொலைவில் இருப்பினும், கடற்பாசி நம் நாக்கிலேயே இருக்கின்றது.

பாசி என்றவுடன் கிணற்றுப் படியில் வழுக்கும் பசும்பாசியை எண்ணவேண்டா. பழுப்புப் பாசி முழங்கால் உயரமும் இடுப்பு உயரமும் வளரும். தண்டு போன்ற ஒன்றும் இலை போன்றவையும் உண்டு. ஆயினும் வேர் இல்லை. பாறையைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடிப்பு மட்டுமே உண்டு. உணவை வேரால் உறிஞ்சாமல் உடல் முழுதாலும் நீரிலிருந்தே பெறுகின்றது. பச்சையம் உள்ளே இருந்தும், அதனை மறைத்துப் பழுப்பு நிறப்பொருள் ஒன்று மேலோங்கி நிற்பதால் அந்நிறம். உண்மையில் இது மரஞ்செடிகளின் உறவினமே அன்று என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் முடிபு. உலகக் கடல்களில் ஏறத்தாழ 2,000 வகைப் பழுப்புப் பாசிகள் உள்ளன.

நம் தமிழ்க் கடற்கரையில் இவற்றுக்குப் பேர்போன இடம் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள். அவற்றுள் இரண்டு இன்று நீருள் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறைகளை மனிதர் வெட்டி எடுத்ததும் அதற்கொரு காரணம் என்பர். அத்தீவுகளைச் சுற்றிய பார்களில் சர்காசம், டர்பினேரியா என்னும் இரு பழுப்புப் பாசிகள் செழித்து வளர்கின்றன. நூலார் சர்காசம் என்பதை அங்குள்ள பெண்கள் கட்டக்கோரை என்பர். டர்பினேரியாவுக்கு அவர்கள் இட்ட பெயர் பக்கோடாப் பாசி. அதனைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார். இச்சர்காசத்துள் ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராயிருந்து தென்னாட்டுத் தாவரங்களைத் தொகுத்த இராபர்ட்டு வைட்டு என்பவரின் பெயரால் நெடுங்காலமாக நூல்களில் வழங்கிவந்தது. தமிழ்நாட்டுப் பாசிகளை முறையாக ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவருள் தலைசிறந்தவர் சென்னையில் 1886-இல் பிறந்த எம். ஓ. பி. ஐயங்கார். குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி அவர் 1927-இல் எழுதினார். அவருடைய பெயரின் முதலெழுத்தாகிய 'எம்' மண்டயம் என்பதாகும். மண்டயம் என்பது நம் பக்கத்து மண்டியாவின் பெயரைத் தாங்கிய மரபு. கடற்பாசியைப் பற்றிப் பேச மைசூர்ச் சீமைக்கு உரிமை உண்டு என்பதற்கு இது ஒன்றே போதும் என்க.

இனிப் பாம்பன் பாலத்துக்கு வருவோம். இருப்புப்பாதை ஊழியர் நிறைந்த இச்சபையில் அப்பாலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1914-இல் திறக்கப்பெற்றது, 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் சிதைந்து, இரண்டு திங்களுக்குள் மீண்டும் நிமிர்ந்தது, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது, அதன் பக்கத்தே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. அப்பாலத்தின் மீது வண்டி மெல்ல ஊர்ந்து செல்லுகையில், இடப்பக்கச் சன்னலையும் வலப்பக்கச் சன்னலையும் மாறிமாறிப் பாருங்கள். வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர் வடகடல், தென்கடல் என்பர். சிலர் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வர். வடகடல் ஆழம் குறைந்தது. சேறும் மணலும் மிக்கது. தென்கடலில் பாறையும் பவளமும் மிகுதி. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை வீசும் ஐப்பசி கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். ஒரு பாலத்தின் இருபுறமும் இருவேறு உலகம்.

இவ்விரு கடலிலும் கட்டக்கோரை வளர்கின்றது. அவ்விரண்டும் ஒன்றுதானா? இது சிறுபிள்ளை கேட்கும் வினாப் போலத் தோன்றும். ஆனால் இன்று உலகெங்கும் பாசி ஆராய்வார் தலையைப் பிசைந்துகொள்ளும் வினா இதுவே.

நிலத்துக்கு நிலம் கருப்பொருள் வேறுபடும் என்பதைத் தமிழர் பழங்காலத்திலேயே இலக்கணமாக வகுத்தனர். குறிஞ்சிக்கு ஒரு பூ, நெய்தலுக்கு ஒரு பூ. யாம் சொல்ல வந்தது அதனினும் நுட்பமானது. ஒரே இனத்துக்குள்ளேயே, இடத்துக்கு இடம் பரம்பரைக் குணம் வேறுபட்டுப் போவதைப் பற்றியது. மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இப்பக்கத்து ஹள்ளிகார் மாடும் கொங்குநாட்டுக் காங்கேயம் மாடும் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை. இரண்டும் மாடுதான், கூடினால் கன்று பிறக்கும். ஆயினும் கொம்பைப் பார்த்தே இது இன்னது என்று சந்தையில் சொல்லிவிடுவர். இவ்வேறுபாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளையைத் தேர்ந்து உண்டாக்கியவர் மாடு வளர்ப்போர். கடலில் தேர்ந்தெடுப்பார் யார்? வெயிலும், உப்பும், அலையும், நீர் வற்றும் நேரமுமே அங்கே தேர்ந்தெடுக்கின்றன. தாங்காதது சாகின்றது. தாங்கியது விதை விடுகின்றது. தாங்கும் குணம் மரபணு வழியே பிள்ளைக்கு இறங்குமாயின், சில நூறு தலைமுறையில் அவ்விடத்துப் பாசி அவ்விடத்துக்கென்றே அமைந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இருவேறு இடத்துப் பாசிகள் உருவில் வேறுபட்டால், அது பிறப்பாலா வளர்ப்பாலா? அலை மோதும் பாறையில் வளரும் பாசி குட்டையாயிருப்பது, அலை அதனை ஒடித்து ஒடித்துக் குட்டையாக்கியதனாலும் ஆகலாம். நம் காலனிப் பிள்ளைகளைப் பாருங்கள். மதுரையில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகள் மார்கழியில் இங்கு வந்தால் கம்பளிக்குள் சுருண்டுகொள்கின்றனர். நம் பிள்ளைகள் பனியிலே பந்தாடுகின்றனர். இது பரம்பரைக் குணம் அன்று, பழக்கம். ஆண்டு விழா மேடைகளில் சொற்பொழிவாளர் சிலர், புலம்பெயர்ந்த தமிழரைப் புதுமண்ணில் வேரூன்றிய செடிக்கு ஒப்பிட்டுக் கைத்தட்டல் பெறுவது உண்டு. யாம் அவ்வுவமையை இங்கே கையாளப் போவதில்லை. மனிதன் ஒரே தலைமுறையில் மொழி கற்பான், உடை மாற்றுவான், இராகிக் களியும் உண்பான். பாசியால் அது இயலாது. பாசி மாறுவதற்குச் சாவு வேண்டும், பிறப்பு வேண்டும், காலம் வேண்டும்.

பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்தறியும் வழியைச் சுவீடன் நாட்டுத் துரேசன் என்பார் காட்டினார். பல இடத்துச் செடிகளைக் கொணர்ந்து ஒரே தோட்டத்தில் நட்டார். ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். அவ்வாறு நட்ட பின்னும் மலைச்செடி குட்டையாகவும் தாழ்நிலச் செடி நெட்டையாகவும் நிற்குமாயின், அவ்வேறுபாடு பிறவிக் குணமே அன்றோ! இடத்துக்கு இசைந்த இத்தகைய பிரிவுகளுக்கு 1922-இல் அவர் தனிப்பெயரும் இட்டார். இதனினும் கடுமையான சோதனை, இவ்விடத்ததை அவ்விடத்திலும் அவ்விடத்ததை இவ்விடத்திலும் மாற்றி நட்டுப் பார்ப்பது. இரண்டும் தத்தம் ஊரில் வென்று அயலூரில் தோற்குமாயின் ஐயத்துக்கு இடமில்லை. கடலில் இச்சோதனையைச் செய்வது எளிதன்று. பாசியைப் பாறையோடு பெயர்த்தோ, கல்லில் ஒட்டியோ நடவேண்டும். ஓர் இரவுப் புயல் ஓராண்டு உழைப்பை வாரிக்கொண்டு போய்விடும்.

இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பெற்றது ஐரோப்பியக் கரைகளின் ஃபியூக்கஸ் என்னும் பழுப்புப் பாசி. நம் கட்டக்கோரைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று கொள்ளலாம். அக்கரைகளில் கடல் நாள்தோறும் பல மீட்டர் ஏறி இறங்கும். மண்டபத்தில் ஒரு மீட்டருக்குள் அடங்கும் ஏற்றவற்றத்தை மனத்தில் கொண்டு அதனைக் கற்பனை செய்வது கடினம். குசராத்து ஓகாத் துறையை எண்ணிப் பார்க்கலாம். இராமேசுவரத்திலிருந்து ஓகாவுக்கு ஒரு விரைவு வண்டி ஓடுகின்றது. இந்தியாவில் கடற்பாசி செழித்த இரு பெருங்கரைகளை ஒரே வண்டி இணைக்கின்றது என்பதைக் கால அட்டவணை எழுதியவரே அறிந்திருப்பாரோ என்னவோ! அவ்வோகாவில் கடல் வற்றும்போது பாறைகள் வெகுதூரம் வெளிப்பட்டுக் கிடக்கும்.

ஐரோப்பியப் பாறையில் மாடிவீடு போல வாழ்க்கை. மேல்தளத்தில் ஒருவகை ஃபியூக்கஸ், நடுத்தளத்தில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று. மேலே இருப்பது நாளின் பெரும்பொழுது நீரின்றிக் காய்ந்து, மீண்டும் நீர் வந்ததும் உயிர்த்தெழும். கீழே இருப்பதை அவ்வாறு காயவிட்டால் மீளாது. நடுத்தளத்ததில் ஆண் வேறு பெண் வேறு. மேல்தளத்ததில் ஆணும் பெண்ணும் ஓருடலிலேயே உண்டு. பெரும்பாலும் தன்னோடு தானே கலந்து பெருகுகின்றது. பக்கத்துப் பக்கத்தே கைதொடும் தொலைவில் இருந்தும், சிற்சில இடங்களில் கலப்பினம் பிறந்தும், மரபணுவில் இவை தனித்தனியே நிற்கின்றன.

ஏன் இவை கலந்து ஒன்றாகிவிடவில்லை? காரணம் இவற்றின் பிள்ளைப்பேறு. தென்னங்காய் கடலில் மிதந்து கண்டம் தாண்டும். மீன்குஞ்சு நீரோட்டத்தில் நூறு கல் போகும். ஃபியூக்கஸோ நீர் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்துத் தன் முட்டைகளை வெளியிடுகின்றது. கருவுற்ற முட்டை தாயின் காலடியிலேயே, பெரும்பாலும் சில மீட்டருக்குள்ளேயே படிந்து ஒட்டிக்கொள்ளும். சர்காசமும் அவ்வாறே. கருவுற்றவை சிறிது காலம் தாயுடலில் ஒட்டியிருந்தே பின் கீழே இறங்குகின்றன. ஆகவே ஒரு பாரின் பாசி பெரும்பாலும் அப்பாரிலேயே கொண்டு கொடுத்து வாழ்கின்றது. நம் கிராமங்களில் பழைய காலத்தில் இருந்தது போல. எப்போதாவது ஒரு கிளை ஒடிந்து, காற்றுப்பைகளின் துணையால் மிதந்து, அயற்கரையில் போய் விதை சிந்துவது உண்டு. ஆனால் அது அருமையான நிகழ்ச்சி. கொண்டுகொடுத்தல் குறைந்த இரு கூட்டங்கள் நாளடைவில் பிரிந்துபோகும். அவற்றுள் சில பிரிவுகள் இடத்துக்கு ஏற்ற தகுதியால் வருபவை. சில தற்செயலால் வருபவை. ஒரு சிற்றூரில் ஒரே குடும்பப்பெயர் பெருகிப்போவதற்குத் தகுதியா காரணம்? பிள்ளைகள் அதிகம் பிறந்த தற்செயல்தான். மரபணு வேறுபட்டிருக்கக் கண்டவுடன் இடத்துக்கு இசைந்துவிட்டது என்று துள்ளக்கூடாது. ஆராய்ச்சியாளருள்ளும் சிலர் துள்ளியதுண்டு.

இனிப் பால்டிக் கடலின் கதை. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான அக்கடல் உப்புக் கடலாகி ஏறத்தாழ 8,000 ஆண்டுகளே ஆயின. மண்ணூல் வல்லார் கணக்கில் அது நேற்றுப் பொழுது. ஆறுகள் பல வந்து விழுவதால் உப்பு மிகக் குறைவு. பெருங்கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு இருக்க, அதன் வடபகுதியில் நான்கைந்து பங்குக்குக் குறைந்துவிடும். ஏற்றவற்றமும் அங்கு இல்லையென்றே சொல்லலாம். அத்திலாந்திக் கரையில் நாள்தோறும் இருமுறை காய்ந்து நனைந்த ஃபியூக்கஸ், இங்கே வந்து எப்போதும் நீருள் மூழ்கி வாழக் கற்றது. அதன் ஆணணுக்கள் உப்புக் குறைந்த நீரில் நீந்தும் ஆற்றல் பெற்றன. அத்திலாந்திக் கரையின் ஆணணுக்களை அந்நீரில் விட்டால் அவை நீந்தமாட்டாமல் திணறும் என்பதை 1996-இல் வெளிவந்த சோதனை காட்டிற்று. தாய்ப்பாசி பிழைத்துவிடலாம், பிள்ளை பிறவாது. குடியேறியது நிலைத்ததா என்பதை அதன் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தே சொல்லவேண்டும் போலும்!

அங்கேயே இன்னொரு விந்தை. 2005-ஆம் ஆண்டில் அக்கடலின் குட்டைப் பாசி ஒன்றைத் தனியினம் என்று பெயரிட்டனர். அது பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. ஒடிந்த கிளைத்துண்டு புதுப் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடுகின்றது. மரபணுவைச் சோதித்தபோது, சுவீடன் கரையில் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுமைக்குப் பரவியிருந்தவற்றுள் பெரும்பகுதி ஒரே பெண்பாசியின் துண்டுகளே என்று தெரிந்தது. மைசூரிலிருந்து சென்னைக்கு வழிநெடுகக் காணும் மரமெல்லாம் ஒரே மரம் என்பது போல! வியப்பாகத்தான் இருக்கின்றது. ஆனால் அந்த ஒன்றைத் தாக்கும் நோய் வந்தால் என்ன ஆகும் என்ற அச்சமும் உடன் எழுகின்றது.

இதுவரை சொன்னது இடத்துக்கு இசைந்த பெருமை. மறுபுறமும் உண்டு. ஐரோப்பாவின் தென்கோடியில், போர்த்துக்கல் கரையில், வெயில் மிக்க பாறைகளில் வாழும் கீழ்த்தளத்து ஃபியூக்கஸ், வடக்கே இங்கிலாந்தில் வாழும் தன் இனத்தைக் காட்டிலும் வெப்பத்தை நன்கு தாங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். வெயில் ஊர்க்காரன் வெயிலைத் தாங்குவான் அல்லவா? 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டையும் ஒரே சூட்டில் வைத்துப் பார்த்தனர். தென்கோடிப் பாசிதான் தோற்றது. காரணம் அதன் கூட்டம் சிறிது; மரபணு வளமும் சிறிது. தேர்ந்தெடுக்க வெயில் காத்திருந்தும், தேர்ந்தெடுக்கத் தக்க வேறுபாடு கையிருப்பில் இல்லை. வறுமைப்பட்ட குடும்பத்துக்கு இடர் வரும்போது விற்க நகை இல்லாதது போன்ற நிலை. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனினும் துயரமானது. நடுத்தளத்து ஃபியூக்கஸின் தென்னெல்லை, முப்பதாண்டுக்குள் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் வடக்கே பின்வாங்கிவிட்டது. கடல் சூடேறியதே காரணம். பின்வாங்கியது வெறும் எல்லைக்கோடு அன்று. அத்தென்பகுதிக்கே உரிய தனி மரபுக்கிளை ஒன்று பெரும்பகுதி அழிந்தொழிந்தது. வடக்கே அதே இனம் இன்றும் ஏராளமாக வாழ்கின்றது. அருங்காட்சியகப் பட்டியலில் ஒரு பெயரும் குறையவில்லை. போனது என்ன என்பது மரபணுவைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

நம் கரைக்கு மீள்வோம். பாம்பனுக்கு அருகே சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பெண்கள் கடலுள் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கின்றனர். கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணிச்சுற்று, இடுப்பிலே வலைப்பை, இவையே கருவி. 1966 முதல் தமிழகக் கரையில் பாசி வாணிகம் நடந்துவருகின்றது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில் மட்டுமே எடுப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டாமல் கையாலேயே எடுத்து அடிப்பிடிப்பைப் பாறையில் விட்டுவைப்பது என்று தமக்குள்ளே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய இலட்சுமி மூர்த்தி என்னும் அம்மையாருக்கு 2015-இல் கடல்வளம் காப்போர்க்கான பன்னாட்டுப் பரிசு ஒன்று கிடைத்தது. தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், பல இடங்களில் அவர்கள் இறங்குவதே குற்றமாயிற்று. பாசியையும் காக்கவேண்டும், பாசி எடுப்பவளையும் காக்கவேண்டும். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அடிப்பிடிப்பை விட்டுவைக்கும் கைக்கும் வேரோடு சுரண்டும் கைக்கும் சட்டம் வேறுபாடு காணாதது முறையன்று என்பது எமது எண்ணம்.

அவர்களுக்கு மாற்றுத்தொழில் என்று வந்ததே கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி. இது பழுப்பு அன்று, செம்பாசி இனம், பிலிப்பைன்சுப் பக்கத்தது. 1990-களில் மண்டபத்தில் பயிரிட்டுப் பார்த்தனர். 2000-ஆம் ஆண்டு முதல் பெப்சி நிறுவனம் ஊக்கியதால் மூங்கில் மிதவைகளில் பரவிற்று. பல நூறு குடும்பங்கள் அதனால் கடன் அடைத்தன என்பது மறுக்கமுடியாத நன்மை. ஆனால் அதை விதையிட்டு வளர்ப்பதில்லை. துண்டு துண்டாக நறுக்கிக் கயிற்றில் கட்டினால் 45 நாளில் பன்மடங்காகும். பால்டிக் கடலின் ஒற்றைப் பெண்பாசியை நினைவுகூருங்கள். 2008-இல் குருசடைத் தீவின் பவளங்களின்மேல் இது படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 2013-ஐ ஒட்டி நீர் சூடேறியும் நோய் கண்டும் மிதவை மிதவையாகப் பயிர் அழுகிற்று. வேறுபாடு அற்ற பயிருக்கு வந்த கேடு ஒரேயடியாக வந்தது. கயிற்றை எடுத்துக் கரையில் போட்டுவிட்டு மீண்டும் கடலில் மூழ்கப் போன பெண்கள் பலர்.

இப்போது வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. விதைப்பாசி வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று. நல்ல முயற்சி, வரவேற்போம். ஆனால் வழங்கப்போகும் விதை எக்கரையது? கட்டக்கோரை குறைந்த பார்களில் அதனை மீண்டும் நடவேண்டும் என்று நாளை ஒரு திட்டம் வருமாயின், ஓகாவிலிருந்து வண்டியில் ஏற்றிவந்து நட்டுவிடலாமா? பெரிய ஏற்றவற்றத்துக்குப் பழகிய மரபு, ஒரு மீட்டர்கூட ஏறாத தென்கடலில் என்ன செய்யும்? காளி ஆறு மழைக்காலத்தில் நன்னீரைக் கொட்டும் கார்வார்க் கரைப்பாசியை உப்பு மிகும் மண்டபத்தில் வைத்தால் என்ன ஆகும்? தாய் தழைத்து நின்றாலும் பேரப்பிள்ளை பிறக்குமா? அங்ஙனம் பிறந்து உள்ளூர் மரபோடு கலந்துவிட்டால், உள்ளூர்ப் பாசி ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சேர்த்துவைத்த இசைவு நீர்த்துப்போகாதா? மறுபுறம், கடல் சூடேறிவரும் காலத்தில், உள்ளூர் மரபு மட்டுமே போதும் என்று பிடிவாதம் பிடித்தால் போர்த்துக்கல் பாசியின் கதி நேராதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கின்றது. எம்மைக் கேட்டால், முதலில் பக்கத்துப் பார், அது இல்லாதபோதே தொலைவுப் பார் என்போம். அதுவும் ஒரே பாசியை நறுக்கி நடாமல், பல தாய்களின் விதையைக் கலந்து நடவேண்டும்.

ஆத்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கரையில் 1980-களில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நெடுமைக்கு ஒரு பெரிய பழுப்புப் பாசி மறைந்துவிட்டது. நகரத்துக் கழிவுநீரே காரணம் என்று கருதுகின்றனர். நீர் தூய்மையான பின்னும் அது தானே திரும்பவில்லை. தாயின் காலடியிலேயே விழும் விதை எவ்வாறு திரும்பும்? 2011 முதல், எஞ்சி நின்ற கூட்டங்களிலிருந்து பெயர்த்துவந்து வலையால் பாறையில் கட்டி நடுகின்றனர். ஆணையும் பெண்ணையும் கலந்து நடுகின்றனர். எக்கூட்டத்திலிருந்து எடுத்தது என்பதைக் குறித்துவைக்கின்றனர். பிறந்த குட்டிப்பாசியின் மரபணுவையும் பின்னர் சோதித்து, எதன் வழி தழைத்தது என்று பார்க்கின்றனர்.

இதில் யாம் மிகவும் மதிப்பது அந்தக் குறித்துவைத்தலையே. எமது தொழில் அத்தகையது. பார்சல் அலுவலகத்தில் ஒரு கூடை மல்லிகை வந்தாலும் ஒரு பெட்டி வெற்றிலை வந்தாலும், அனுப்பும் நிலையம் எது, சேரும் நிலையம் எது என்று எழுதாமல் ஏற்பதில்லை. பெயர்ச்சீட்டுக் கிழிந்த மூட்டை, எவ்வளவு உயர்ந்த சரக்காயினும், மூலையில் கிடந்து ஏலத்துக்குப் போகும். மண்டபத்திலும் வலமாவூரிலும் நாளை கட்டக்கோரை நடுவோர், ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சீட்டுக் கட்டவேண்டும். எந்தப் பாரிலிருந்து, எந்தத் திங்களில், எத்தனை தாய்ப்பாசியிலிருந்து எடுத்தது, எடுத்த கை யாருடையது என்பன அதில் இருக்கவேண்டும். பாரின் பெயர்களைச் சொல்ல அலுவலரால் இயலாது. வரைபடத்திலும் அவையெல்லாம் இல்லை. சின்னப்பாலத்துப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். எப்பாரின் கோரை முந்தி முதிரும், எது பிந்தும், எது வெயிலில் வெளுக்கும் என்பதும் நாள்தோறும் நீரில் இறங்குவோர் அறியும் செய்தியே. அவர்களைக் கூலிக்கு மூழ்குவோராக மட்டும் வைத்துக்கொள்ளாமல், அந்தச் சீட்டை எழுதும் இடத்தில் அமர்த்தவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மைசூரிலிருந்து தூத்துக்குடி விரைவு வண்டியில் மாலையில் ஏறினால் மறுநாள் முற்பகலில் கடலைப் பார்த்துவிடலாம். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளை ஒருநாள் பாம்பனுக்கும் அழைத்துச் செல்லட்டும். கடல் வற்றிய வேளையில் கரையோரப் பாறையில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கொத்தைக் காட்டட்டும். பறிக்கவேண்டா, தொட்டுப் பார்த்தால் போதும்.